அப்பாயியின் தாயாருடைய இறப்புப் பதிவையும் புதைத்த இடத்தையும் எப்படித் தேடுவது?

கேள்வி: தோட்டப் பள்ளி ஆசிரியை, போகவந்தலாவை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாயியைப் பெற்ற பூட்டியின் பெயரை ஒரு பதிவேட்டில், ஒரு வரியிலாவது எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எப்போது பிறந்தார், எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்ற மூன்றுக்கும் என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. அப்பாயி சொன்ன கதை மட்டும் இருக்கிறது. அதையும் அவர் எத்தனை முறை சொன்னாலும் ஒரு சொல் மாறாமல் சொல்லுவார். அதனால் அதை நான் கதை என்று தள்ளவில்லை.

பூட்டி தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்தில் பிறந்தவர். பாவாடை கட்டும் வயதில், தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணியின் கூட்டத்தோடு இலங்கைக்கு வந்தார். வரும் வழியில் தட்டப்பாறை கேம்பில் அடைத்து வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்களாம். இங்கே வந்து கொழுந்தெடுத்தார், இங்கேயே கல்யாணம் ஆனது, பெற்ற பிள்ளைகளில் மூன்று தங்கின. கடைசிப் பையன் பிறந்த எட்டாம் நாள் லயத்துக் காம்பராவிலேயே (தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) உயிர் போய்விட்டது. அதற்கு முந்தைய இரவுதான் பிரட்டுக்களத்தில், அதாவது ஆட்கள் வேலைக்குக் கூடும் திடலில், காமன் தகனம் (காமன் கூத்தின் முடிவில் மன்மதனை எரிப்பது). கூத்துப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பிய நேரத்தில், விடிவதற்குள், நிலவைப் பாம்பு பிடித்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்பில் கிரகணம் பட்டதால்தான் போனார் என்று தோட்டமே பேசியது. அப்பாயி கடைசிவரை எங்கள் வீட்டில் கருவுற்ற பெண் எவரையும் கிரகணத்தன்று வாசல் தாண்ட விட்டதில்லை. அதே ஆண்டு சித்திரை பிறப்பதற்குள் கொழும்பில் சப்பான்காரன் குண்டு போட்டான் என்ற செய்தி வந்ததும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று பூட்டன் மூட்டை கட்டியதாகவும் அப்பாயி சொல்லியிருக்கிறார். போகவில்லை.

அந்தக் கடைசிப் பையனை அப்பாயிதான் வளர்த்தார். எனக்கு அவர் சின்னத்தாத்தா. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி நீலகிரிக்குப் போய்விட்டார். அவரும் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகளோடு எப்போதாவது பேசிக்கொள்வோம்.

நான் இதுவரை செய்தது: நாங்கள் இப்போது இருக்கும் மாவட்டத்துக்குரிய அலுவலகம் ஒன்றில் இறப்புப் பதிவைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தேன். அப்படி ஒரு பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டக் கந்தோரில் (அலுவலகத்தில்) கேட்டபோது பழைய செக்றோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். பூட்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் ஒருவருக்காவது இருந்த பெயர் அது, தேடுவதற்கு அதுவே பெரிய தடை.

எங்கள் போகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது. 1879இல் இறந்தவர். அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், வரட்டும், நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் 'டீச்சர், நம் ஆட்களை எங்கே புதைத்தார்கள்' என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட எனக்கு ஓர் இடம் வேண்டும். அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. தன் அம்மாயிக்குச் சரியான திதியில் ஒருமுறையாவது படையல் போட வேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காமன் கூத்து வாத்தியார், மாத்தளை

டீச்சர், உங்கள் அப்பாயி நாளைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நாம்தான் அதைப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கூத்துக்கு நாள் பார்ப்பவன் நான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுகிறோம், பௌர்ணமியில் தகனம். ஆக, அவர் இறந்தது மாசிப் பௌர்ணமியை ஒட்டிய விடியல். அடுத்தது ஆண்டு. ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அதற்கு முந்தைய மாசிப் பௌர்ணமி மார்ச் 2ஆம் தேதி இரவு. அந்த இரவு கழிந்து 3ஆம் தேதி அதிகாலையில் முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் நிலவு மேற்கே இறங்கும் வேளை அது. அப்பாயி சொன்ன 'விடிவதற்குள்' என்பது அச்சாகப் பொருந்துகிறது. விஷு வருஷம், மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

தகனம், கிரகணம், குண்டு மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்பதால் ஆண்டைப் பற்றி இனி ஐயப்பட வேண்டாம். பிறந்த நாளையும் சேர்த்து எட்டு எண்ணினால் சின்னத்தாத்தா பிறந்தது பெப்ரவரி 24.

திதி விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. முழுக் கிரகணத்தின் நடுப்பகுதியை ஒட்டித்தான் பௌர்ணமி முடிந்து பிரதமை தொடங்கும். உயிர் போனது கிரகணம் ஏறும்போதா, இறங்கும்போதா என்று அப்பாயி ஏதாவது சொல்லியிருந்தால் நினைத்துப் பாருங்கள். இல்லையென்றால் பௌர்ணமியிலேயே கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கோயில் ஐயரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், ஹட்டன்

மகள், டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் தோட்டக் கந்தோர்களில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். பிறப்பு இறப்பு அறிக்கைகளை எழுதி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. மாத்தளை நண்பர் நாளைப் பிடித்துக் கொடுத்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. மீதியைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், நீங்கள் தேடிய இடம். போகவந்தலாவை, டிக்கோயா, மஸ்கெலியா எல்லாம் இன்று நுவரெலியா மாவட்டம். 1942இல் அப்படி இல்லை. அம்பகமுவப் பகுதி அப்போது உடபுலத்கமவோடு சேர்ந்து கண்டி மாவட்டத்துக்குள் இருந்தது. அதனால் ஓரிடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்ததை முடிவாகக் கொள்ளாதீர்கள். 'எங்கள் கையிலுள்ள பதிவேட்டில் இல்லை' என்பது மட்டுமே அதன் பொருள். கண்டியில் விண்ணப்பியுங்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவண அறையில் கேளுங்கள். பதிவு எண் தெரியாதபோது ஒரு காலப்பகுதியைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்லலாம். 1942 மார்ச் என்று எழுதினால் தேடுகிறவருக்கும் வேலை எளிது.

அடுத்தது பெயர். தோட்டத்தில் பிறப்போ இறப்போ நடந்தால் துரை (தோட்ட மேலாளர்) எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். எங்களைப் போன்ற கிளாக்கர்மார் ஆங்கிலத்தில் எழுதுவோம், துரை கையெழுத்துப் போடுவார். கருப்பாயி என்ற பெயரை ஒருவர் 'கே'யில் தொடங்குவார், இன்னொருவர் 'சி'யில் தொடங்குவார். கடைசி 'யி' சிலரிடம் 'யாய்' ஆகும், சிலரிடம் காணாமலே போகும். ஆகவே பூட்டியின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் விண்ணப்பத்தோடு ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வந்தால் வயதைப் பாருங்கள். தட்டப்பாறை என்று அப்பாயி சொன்னது இங்கே கைகொடுக்கும். அது தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கேம்ப். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, ராகமைக் கேம்ப் வழியாக வந்தவர்கள்தான் அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கோச்சியும் (ரயில்) தனுஷ்கோடிக் கப்பலும் வந்த பிறகு நம் ஆட்கள் வந்த வழி மண்டபம் கேம்ப். அதனால் பூட்டி பெரும்பாலும் 1914க்கு முன் வந்திருக்கிறார். பாவாடை கட்டும் வயது என்றால் ஏழெட்டு இருக்கும். அப்படியானால் 1942இல் முப்பத்தைந்துக்குக் குறையாது. பிள்ளை பெற்றிருப்பதால் நாற்பத்தைந்துக்கு மேலும் போகாது. அந்த இடைவெளிக்குள் வயது எழுதிய பெண்தான் உங்கள் ஆள். நீங்கள் கேட்ட பிறந்த ஆண்டுக்கும் இதைவிட நெருக்கமான விடை இந்த நாட்டில் கிடைக்காது. துறையூரில் அந்த வயதுப் பெண் குழந்தைக்குப் பதிவு தேடுவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

பதிவு கிடைத்தால் சுருக்கமான எடுப்பை வாங்காதீர்கள், முழு மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். தாய் தகப்பன் பெயருக்குக் கட்டம் உண்டு. இறந்த காரணத்தோடு அடக்கம் செய்த இடத்தையும் அதில் எழுதுவார்கள். சில கிளாக்கர்மார் தோட்டத்தின் பெயரோடு நிறுத்திவிடுவார்கள், சிலர் டிவிஷனையும் (தோட்டத்தின் உட்பிரிவு, நம் ஆட்கள் 'கணக்கு' என்பார்கள்) எழுதியிருப்பார்கள். டிவிஷன் தெரிந்தால் புதைகாடு தெரிந்துவிடும், ஏனென்றால் மேல்கணக்கு ஆட்களைக் கீழ்க்கணக்கில் கொண்டுபோய்ப் புதைக்கிற வழக்கம் இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இன்னொன்று. பூட்டியைத் தேடும் விண்ணப்பத்தோடு, அந்தப் பையனின் பிறப்புப் பதிவுக்கும் தனி விண்ணப்பம் கொடுங்கள். எட்டு நாள் இடைவெளியில் ஒரே வீட்டில் ஒரு பிறப்பும் ஓர் இறப்பும். இரண்டும் ஒரே கந்தோரிலிருந்து, அனேகமாக ஒரே கையெழுத்தில் போயிருக்கும். தாயின் பெயரைப் பிறப்பில் எந்த எழுத்தில் எழுதினார்களோ அதே எழுத்தில்தான் இறப்பிலும் எழுதியிருப்பார்கள். 1939ஆம் ஆண்டின் பிரசவச் சகாயச் சட்டத்தின்படி பிள்ளைக்காசும் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது, அதற்கும் தனிப் புத்தகம் எழுதினோம். ஆனால் அந்தப் புத்தகங்கள் 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தபோதும் 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தபோதும் கைமாறிக் கைமாறி அழிந்தன. கறையான் தின்றதைவிட, இடம் போதவில்லை என்று எரித்ததே அதிகம். என் கண் முன்னால் எரிந்தவை உண்டு. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பதில்: ஊவா வாசகன், பதுளை

பதிவு கிடைக்கலாம். இடம் கிடைக்கும் என்று அப்பாவுக்கு இப்போதே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவர் மனம் நோகும்.

எங்கள் தோட்டத்தில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி வீ.பி. கன்று (விதையில்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த கன்று) நட்டபோது புதைகாட்டின் ஒரு பக்கம் தேயிலை மலைக்குள் போய்விட்டது. என் தாத்தாவைப் புதைத்த இடத்தில் ஒரு பலாக்கன்று நட்டிருந்தார்கள், அதுவும் இல்லை. லயத்து ஆட்களுக்குக் கல் நடுவதற்கு வசதியும் இல்லை, தோட்டத்தில் எவரும் அதற்கு இடம் ஒதுக்கித் தரவும் இல்லை. இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரை 1892இல் கண்டி மஹய்யாவையில் அடக்கம் செய்தார்கள், இன்றும் போய் நின்று வணங்கலாம். அவரோடு லூல்கந்துரைத் தோட்டத்தில் கன்று நட்டவர்களில் ஒருவருக்காவது அப்படி ஓர் இடம் காட்ட முடியுமா? இது ஒருவருடைய குடும்பத்துக் குறை மட்டும் இல்லை. எங்கள் தோட்டத்தில் இப்போது இருக்கும் புதைகாட்டையாவது வேலி போட்டு, புதைத்தவர்களின் பெயர்களை ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயில் வரிக் கணக்குக்கு ஒரு கொப்பி வைக்கிறோம், இதற்கும் ஒன்று வைக்கலாம்.

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், ஹட்டன்

பதுளைத் தம்பி சொல்வது நடந்த உண்மைதான். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் நிலஅளவைப் பிளான் உண்டு. அதில் மலை நம்பர், லயம், ஓடை, கோயில் போலப் புதைகாட்டையும் குறித்திருப்பார்கள். புதிய பிளானில் தேயிலையாக இருக்கும் இடம் பழைய பிளானில் புதைகாடாக இருக்கக்கூடும். துரையிடம் செக்றோல் கேட்டதற்குப் பதிலாக, 'வீ.பி. நடுவதற்கு முந்தைய பிளான் இருக்கிறதா' என்று கேளுங்கள் மகள். செக்றோலை எரிப்பார்கள். பிளானை எரிக்கமாட்டார்கள், காணிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

தோட்டத்தின் பெயரையும் சரிபாருங்கள். சிறிய தோட்டங்களைப் பெரியதோடு சேர்த்து டிவிஷனாக்கியது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். பெர்கூசன் டைரக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் பெயரும் ஏக்கர் கணக்கும் இருக்கும். இன்றைய பெயரில் தேடினால் 1942இன் பதிவு அகப்படாமல் போகலாம்.

பதில்: தாயகம் திரும்பியவரின் மகள், கோத்தகிரி

அக்கா, இங்கிருந்து ஒரு செய்தி. சின்னத்தாத்தா வீட்டில் பழைய பாஸ்போர்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குக் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகம்தான் பாஸ்போர்ட் கொடுத்தது. பிறந்த தேதியும் பிறந்த இடமும் அதில் இருக்கும். என் அப்பாவின் பாஸ்போர்ட்டில் மாவட்டத்தையும் எழுதியிருந்தார்கள். 1964இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, வந்து சேர்ந்த அத்தனை குடும்பங்களின் தகரப் பெட்டியிலும் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும்தான் அடியில் கிடக்கின்றன. டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் வீடு மாறும்போது சிலர் அவற்றை இனி எதற்கு என்று எறிந்துவிடுகிறார்கள். சீக்கிரம் கேளுங்கள்.

துறையூர் விஷயத்தில் குலதெய்வம் எது என்று பாருங்கள். நாங்கள் ஊரைக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். குலதெய்வக் கோயிலில் போய் கங்காணியின் பெயரைச் சொன்னோம். ஒரு கங்காணி பெரும்பாலும் தன் ஊரையும் சுற்று ஊர்களையும் சேர்ந்தவர்களைத்தான் கூட்டி வந்திருப்பார். அவருடைய வீட்டார் அங்கே இன்னும் இருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்: தோட்டப் பள்ளி ஆசிரியை, போகவந்தலாவை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோத்தகிரித் தங்கை சொன்ன அன்றே நீலகிரிக்குப் பேசினேன். சின்னத்தாத்தாவின் மூத்த மகன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துப் படம் அனுப்பினார். பிறந்த தேதி 1942 பெப்ரவரி 26 என்று இருக்கிறது. கூத்து வாத்தியார் கணக்கிட்டதற்கு இரண்டு நாள் பிந்தி வருகிறது. கந்தோரில் அறிவித்த நாளையே பிறந்த நாளாக எழுதிவிட்டார்களோ என்று நினைக்கிறேன். எனக்கு அப்பாயியின் எட்டாம் நாள் கணக்கில்தான் நம்பிக்கை. ஆனால் விண்ணப்பத்தில் இரண்டு தேதியையும் எழுதியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய செய்தி, பிறந்த இடம். அதில் இருந்த தோட்டத்தின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். உடனே, 'அது நம் கீழ்க்கணக்கின் பழைய பெயர், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்' என்றார். கிளாக்கர் ஐயா சொன்னது போலவே ஆகிவிட்டது. நான் முதலில் விண்ணப்பித்தபோது எழுதியது பெரிய தோட்டத்தின் பெயர், அதுவும் இன்றைய மாவட்டத்தில்.

கண்டியில் பிறப்புக்கும் இறப்புக்கும் தனித்தனி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பூட்டியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய விதங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி இணைத்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, 'இப்படி யாரும் கொண்டுவருவதில்லை, தேடுவதற்கு இது உதவும்' என்றார்.

கிரகணம் ஏறும்போதா இறங்கும்போதா என்று அப்பாயி சொல்லவில்லை. ஆனால் 'தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டபோது நிலவே இல்லை' என்று சொன்னது அப்பாவுக்கு நினைவிருக்கிறது. அதைக் கேட்ட கோயில் ஐயர் பௌர்ணமியிலேயே கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். வருகிற மாசியில் கொடுக்கிறோம்.

கீழ்க்கணக்கு ஆட்களை ஆற்றோரத்துச் சரிவில் புதைத்ததாக அப்பா சொல்கிறார். அங்கே இப்போது பாதி தேயிலை, பாதி மானாப்புல். பழைய பிளானைக் காட்டும்படி தோட்டத்துரைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். கிளாக்கர் ஐயா, ஓர் உதவி வேண்டும். அந்தக் காலத்துப் பிளானில் புதைகாட்டை எந்த அடையாளத்தால் குறிப்பார்கள்? எழுத்தில் எழுதுவார்களா, சிலுவை போட்டுக் காட்டுவார்களா? கையில் கிடைத்தால் தவறவிடக்கூடாது. கண்டியிலிருந்து பதில் வந்ததும் அது எந்தப் பதிவேட்டில் இருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன், அம்பகமுவப் பக்கம் தேடுகிற மற்றவர்களுக்கும் பயன்படும்.